ரெண்டு பேயைக் காணோம்: பழைய அடாரி 2600ல பேக்-மேன் ஓட வெச்ச பதிவு

சந்து சந்தா ஓடி, பேய்கிட்ட மாட்டாம புள்ளி தின்னற வீடியோ கேம்தான் பேக்-மேன், அதுல நாலு பேய் இருக்கணும். என் டிவில ரெண்டுதான் தெரிஞ்சுது. அதுல ஒன்னு மேல இருக்கு, ஒன்னு வலது பக்கம் இருக்கு, சரி கீழ இடது மூலை காலியா இருக்கேன்னு தைரியமா அந்த சந்துல இறங்கினா பாதில செத்துப் போறேன், பக்கத்துல எதுவுமே இல்ல. மூனு தடவை இதே மாதிரி நடந்ததும் கன்சோல்ல சொருகற கேம் பெட்டி, அதாவது கார்ட்ரிட்ஜ்தான் போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். கார்ட்ரிட்ஜ் நல்லாத்தான் இருந்துச்சு. கோளாறு எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு, அதுக்குள்ள கன்சோல், ஜாய்ஸ்டிக், டிவி மூனையும் ஒரு கை பாத்தாச்சு, அதைத்தான் எழுதுறேன்.

இந்த கேமைப் பத்தி முதல்ல ஒரு வார்த்தை. 1980ல நாம்கோ கம்பெனில தோரு இவாதானி உருவாக்கின பேக்-மேன் ஆர்கேடுல, அதாவது கடைல காசு போட்டு ஆடற பெரிய மெஷின்ல, உலகத்தையே புரட்டிப் போட்டுச்சு. அதை வீட்டு கன்சோலான அடாரி 2600க்கு டாட் ஃப்ரை தனி ஆளா புரோகிராம் பண்ணி 1982ல வெளிய வந்துச்சு. எழுபது லட்சம் கார்ட்ரிட்ஜுக்கு மேல வித்துச்சு, ஆனா பேர் மட்டும் கெட்டுப் போச்சு. ஒரு மெஷின் கேமை இன்னொரு மெஷினுக்கு மாத்தி எழுதறதை போர்ட்னு சொல்லுவாங்க, மோசமான போர்ட்டுக்கு உதாரணம்னா இன்னைக்கும் முதல்ல இதைத்தான் சொல்றாங்க. நானும் பல வருஷமா அதையே நம்பிட்டு இருந்தேன். இப்ப கருத்து மாறிடுச்சு, முழுசா இல்ல, ஆனா நல்லாவே மாறிடுச்சு. இன்னைக்கு இந்த கேமை விளையாடிப் பாத்துட்டு திட்டுறவங்கள்ல நிறைய பேர் தேய்ஞ்சு போன ஜாய்ஸ்டிக்கையும் தப்பான ஸ்க்ரீனையும் சேர்த்துத்தான் திட்டுறாங்கன்னு இப்ப எனக்குத் தோணுது.

என் கையில வந்தது நாலு ஸ்விட்ச் மாடல், அதாவது முன்னாடி நாலு ஸ்விட்ச் இருக்கும், டிஃபிகல்டி ஸ்விட்ச் ரெண்டும் பின்பக்கம் போயிருக்கும். 1977ல வந்த முதல் மாடல்ல ஆறும் முன்னாடியே இருந்துச்சு. கூட ஒரு ஜாய்ஸ்டிக், பேக்-மேன் கார்ட்ரிட்ஜ், அடாப்டர் கிடையாது. இந்த அடாப்டர் விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். இதுக்கு 9 வோல்ட் டிசி, 500 மில்லி ஆம்பியர், நடு முனை பாசிட்டிவ். பிளக் பாத்தா அப்படியே 3.5 எம்எம் ஹெட்ஃபோன் பின் மாதிரி இருக்கும். அந்த வடிவத்தால என்ன ஆகும்னா கரண்ட் வந்துட்டு இருக்கும்போது சொருகினா உள்ள போற வழில முனையும் உடம்பும் ஒரு கணம் ஷார்ட் ஆக வாய்ப்பு இருக்கு. அதனால முதல்ல கன்சோல்ல சொருகிட்டு அப்புறமா சுவர்ல சுவிட்ச் போடறதுதான் என் வழக்கம், எடுக்கும்போதும் சுவர்ல ஆஃப் பண்ணிட்டுத்தான் எடுப்பேன்.

ஆன் பண்ணதும் படம் வந்துச்சு, ஆனா படத்து மேல ஒரு கருப்புப் பட்டை கீழ இருந்து மேல மெதுவா ஏறிட்டே இருந்துச்சு, சத்தத்துல ஒரு ‘ங்ங்ங்’ன்னு ரீங்காரம். இதைப் பாத்த உடனே பவர் பக்கம்தான்னு புரிஞ்சுடும். வீட்டு மின்சாரத்தோட அலை முழுசா வடிகட்டப்படாம போர்டுக்குள்ள வருதுன்னு அர்த்தம், வடிகட்டற வேலையைச் செய்யறது ஒரு பெரிய 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், நாப்பது வருஷத்துல உள்ள இருக்குற திரவம் காஞ்சு போயிருக்கும்.

அடில இருக்குற நாலு ஸ்க்ரூவைக் கழட்டினா மேல் மூடி வந்துடும். உள்ள போர்டைச் சுத்தி ஒரு தகரக் கவசம், அதோட காதுகளை முறுக்கி மடக்கி வெச்சிருப்பாங்க. அந்தக் காதுகளை குறடு வெச்சு நேராக்கும்போது அவசரப்பட்டா ஒடிஞ்சுடும், ஒவ்வொன்னையும் ஒரே ஒரு தடவைதான் திருப்பலாம்னு நெனச்சுக்கிட்டு பண்ணணும். கவசத்தை எடுத்தா போர்டு ரொம்ப எளிமையா இருக்கும், பெரிய சிப்னு பாத்தா மூனே மூனுதான். 6507 பிராசசர், 6532ன்னு ஒரு சிப், அப்புறம் படத்தையும் சத்தத்தையும் உருவாக்கற டிஐஏ. இந்த 6532 குள்ளதான் கன்சோலோட மொத்த ரேமும் இருக்கு, எவ்வளவுன்னா 128 பைட். கிலோபைட் இல்ல, பைட். நீங்க இப்ப படிக்கற இந்தப் பத்தில இருக்குற எழுத்தை எல்லாம் சேர்த்து வைக்கக்கூட இந்த ரேம்ல இடம் கிடையாது. இந்த எண்ணிக்கையை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

பழைய கெப்பாசிட்டரை எடுக்கறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் நெகட்டிவ் பட்டை இருக்குன்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டேன். ஈயத்தை உருக்கி உறிஞ்சு எடுத்து, புதுசா 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் ஒன்னு போட்டேன், வோல்ட் கூட இருந்தா தப்பில்ல, குறைச்சலா மட்டும் இருக்கக்கூடாது. அப்படியே பக்கத்துல இருந்த சின்ன எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ரெண்டையும், வோல்டேஜை 5ல நிறுத்தற 7805 ரெகுலேட்டரையும் மாத்திட்டேன். ரெகுலேட்டர் வேலை செஞ்சுட்டுத்தான் இருந்துச்சு, ஆனா கவசத்தை மறுபடி மறுபடி பிரிக்க மனசில்ல. மல்டிமீட்டர்ல பாத்தா 5.02 வோல்ட் ஆடாம நின்னுச்சு. பட்டையும் போச்சு, ரீங்காரமும் போச்சு. கவசத்தை மூடறதுக்கு முன்னாடி போர்டுல இருக்குற கலர் அட்ஜஸ்ட்மென்டையும் ஒரு முடி அளவு திருப்பி நீலத்தை நீலமாக்கினேன், ஏன்னா இந்த கேம்ல பின்னணி நீலம், சுவர் ஆரஞ்சு, நீலம் ஊதாவா தெரிஞ்சா கலர் தள்ளி நிக்குதுன்னு உடனே தெரிஞ்சுடும்.

கார்ட்ரிட்ஜ் சுத்தம் பண்றது சின்ன வேலைதான். அடாரியோட சொந்த கார்ட்ரிட்ஜ்ல வாய்ப்பக்கம் ஸ்ப்ரிங் வெச்ச ஒரு தூசிக் கதவு இருக்கும், கன்சோல்ல சொருகும்போது தானா உள்ள தள்ளிக்கும். அந்தக் கதவை மெல்ல உள்ள தள்ளிப் பிடிச்சுக்கிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சுக்குச்சியால காண்டாக்டைத் துடைச்சா முதல் குச்சி கருப்பாவும், ரெண்டாவது சாம்பல் கலராவும், நாலாவது வெள்ளையாவும் வரும். வெள்ளையா வந்ததும் நிறுத்திடலாம். தயவுசெஞ்சு உப்புத்தாளைப் போட்டு தேய்க்காதீங்க, மேல இருக்குற மெல்லிசான பூச்சு போயிடும், அதுக்கப்புறம் அது சீக்கிரமே திரும்ப கருத்துடும். வாயால ஊதறதும் வேண்டாம், எச்சில்தான் போய் ஒட்டும்.

இப்ப ஜாய்ஸ்டிக். இதுலதான் நான் அதிக நேரம் உக்காந்தேன், உக்காந்தது வீணாகவும் இல்ல. அடாரியோட ஜாய்ஸ்டிக் மாடல் சிஎக்ஸ்40. கருப்புச் சதுரம், நடுவுல ஒரு குச்சி, மூலைல ஒரு சிவப்பு பட்டன், பாத்த உடனே எல்லாருக்கும் தெரியும். எனக்கு வந்ததுல மேல, கீழ, இடது எல்லாம் நல்லா போச்சு, வலது மட்டும் நாலு தடவை அமுக்கினா ஒரு தடவை கேக்கும். சுட்டுத் தள்ளற கேம்னா எப்படியாவது சமாளிச்சுடலாம், சந்துக்குள்ள ஓடற கேம்ல ஒரு திசை போச்சுன்னா கேமே போச்சு. வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்துல திரும்பாம நேரா போய் பேய் வாயில விழுந்தா கேம் கட்டுப்பாடு மோசம்னுதான் யாருக்கும் தோணும்.

கழட்டறதுக்கு முன்னாடி வயர்ல கோளாறா, உள்ள கோளாறான்னு பாத்துடணும். பிளக்குல ஒன்பது துளை. அதுல 1 மேல, 2 கீழ, 3 இடது, 4 வலது, 6 பட்டன், 8 கிரவுண்டு. மல்டிமீட்டரை பீப் மோடுல வெச்சு, ஒரு முனையை 8ல, இன்னொன்னை 4ல வெச்சுக்கிட்டு குச்சியை வலது பக்கம் சாய்ச்சா ‘பீப்’னு விடாம கேக்கணும். எனக்கு விட்டு விட்டு வந்துச்சு. அப்புறம் குச்சியை வலது பக்கமே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால வயரை, ஜாய்ஸ்டிக்குக்குள்ள நுழையற இடத்துல ஆட்டிப் பாத்தேன், ஆட்டறதுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்ல. வயர் சரி, உள்ளதான். நிறைய ஜாய்ஸ்டிக்ல இந்த நுழையற இடத்துலதான் வயர் அறுந்திருக்கும், ஏன்னா விளையாடி முடிச்சதும் எல்லாரும் வயரை ஜாய்ஸ்டிக்கைச் சுத்தி இறுக்கமா சுத்தி வெப்பாங்க.

அடில நாலு ஸ்க்ரூ. அதை எடுத்துட்டு அப்படியே தூக்கினா பட்டனுக்குக் கீழ இருக்குற சின்ன ஸ்ப்ரிங் துள்ளிப் போயிடும், அதனால தலைகீழா வெச்சு, ஒரு தட்டுக்கு மேல வெச்சுத் திறங்க. உள்ள ஒரு சின்ன போர்டு, அது மேல அஞ்சு இடத்துல வட்டமா உப்பின சின்னத் தகடு ஒவ்வொன்னு, அதையெல்லாம் ஒட்டும் தாள் ஒன்னு பிடிச்சுக்கிட்டு இருக்கும். குச்சியோட அடில ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதுல நாலு பக்கமும் நீட்டிட்டு இருக்கும். குச்சியைச் சாய்ச்சா அந்த நீட்டல் தகட்டை அமுக்கும், தகடு ‘டிக்’னு குழிஞ்சு கீழ இருக்குற செம்பைத் தொடும், அவ்வளவுதான் மொத்த தொழில்நுட்பமும்.

என்னுதுல ரெண்டு கோளாறு ஒன்னா இருந்துச்சு. ஒன்னு, வலது பக்கத் தகட்டுக்கு மேல இருந்த ஒட்டும் தாள் பசை போய் தூக்கிட்டு இருந்துச்சு, தகடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து போயிருந்துச்சு. இன்னொன்னு, அந்த பிளாஸ்டிக் துண்டுல வலது நீட்டல் பக்கமா ஒரு மெல்லிய விரிசல், வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சாத்தான் தெரியும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் அமுக்கற சக்தியைத் தானே வாங்கிக்கும், தகட்டுக்கு முழுசா போய்ச் சேராது. தகட்டை மட்டும் சுத்தம் பண்ணி மூடியிருந்தேன்னா ஒரு வாரம் நல்லா ஓடி திரும்ப அதே நிலைமைக்கு வந்திருக்கும்.

தாளை முழுசா உரிச்சேன். அஞ்சு தகட்டையும் ஒரு மூடில போட்டு ஆல்கஹால்ல ஊற வெச்சு எடுத்தேன், செம்பு பாகத்தை பஞ்சுக்குச்சியால துடைச்சேன், அப்புறம் சாமணத்தால ஒவ்வொரு தகட்டையும் அதோட இடத்துல உக்கார வெச்சு, அதுக்கு மேல வெப்பம் தாங்கற மஞ்சள் கலர் பாலிமைடு டேப் ஒட்டினேன். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, டேப்பை இழுத்து டைட்டா ஒட்டினா தகடு பாதி அமுங்கின நிலைலயே இருக்கும், தொடாமலே தொட்ட மாதிரி கேம் எடுத்துக்கும். தளர்வா படற மாதிரி வெச்சு, ஓரத்தை மட்டும் நகத்தால அழுத்தணும். ஒவ்வொன்னையும் விரலால அமுக்கி ‘டிக்’னு தெளிவா கேக்குதான்னு பாத்துட்டு அடுத்ததுக்குப் போனேன். விரிசல் விட்ட துண்டை ஒட்டிப் பாக்கவே இல்ல, அந்த வகை பிளாஸ்டிக்ல பசை நிக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, புதுசா செஞ்சு விக்கற துண்டு கிடைக்குது, அதையே மாத்திட்டேன். மூடி, மல்டிமீட்டரை 8க்கும் 4க்கும் வெச்சு குச்சியைச் சாய்ச்சா நூல் அறுந்து போகாம ‘பீஈஈப்’னு ஒரே சத்தம். அந்த சத்தத்தைக் கேட்டுட்டு நான் ரெண்டு நிமிஷம் சும்மா சாய்ச்சுட்டே இருந்தேன்.

சரி, எல்லாம் ஆச்சு, விளையாடலாம்னு உக்காந்தப்பதான் பேய் விவகாரம். கன்சோலோட ஆர்எஃப் வயரை ஒரு சின்ன கன்வெர்ட்டர் பின் போட்டு நேரா டிவியோட ஆன்டெனா துளைல குடுத்திருந்தேன், அனலாக் ட்யூனர் இருக்குற எல்சிடி டிவி, சேனல் 3. படம் சுத்தமா இருக்கு, ஜாய்ஸ்டிக் சொன்ன பேச்சு கேக்குது, பேய் மட்டும் ரெண்டு. தம்பியை பக்கத்துல உக்கார வெச்சு ‘நீ பேயை மட்டும் எண்ணுடா’ன்னு சொன்னேன். அவன் ஒரு ஆட்டம் பூரா பாத்துட்டு ‘அண்ணா, ரெண்டுதான், ஆனா நடுவுல ஒரு தடவை அந்த ரெண்டும் இருந்த இடத்துல இருந்து சட்டுனு வேற இடத்துக்கு மாறுச்சு’ன்னான். அதுதான் எனக்குக் கிடைச்ச முதல் துப்பு. பேய் பறந்து போகாது, சந்து வழியாத்தான் போகணும். சட்டுனு இடம் மாறுதுன்னா அது அதே பேய் இல்ல, மத்த ரெண்டு பேய்.

இது ஏன்னு புரிய கன்சோல் எப்படி படம் வரையுதுன்னு தெரியணும். படத்தை முழுசா சேர்த்து வெச்சுக்க இதுல மெமரியே கிடையாது, டிவில கோடு ஓட ஓட, ஒவ்வொரு கோட்டுக்கும் என்ன கலர்னு பிராசசர் அந்தந்த நேரத்துல டிஐஏ சிப்புக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும். ஒரு கோட்டுக்கு பிராசசருக்குக் கிடைக்கிற நேரம் 76 சைக்கிள். அதுக்குள்ள சுவரு, புள்ளி, பேய், பேக்-மேன் எல்லாத்தையும் முடிவு பண்ணணும். சரி, நகர்ற உருவம் எத்தனை வரைய முடியும்னு பாத்தா டிஐஏல ரெண்டே ரெண்டு ஸ்ப்ரைட், கூட குண்டு மாதிரி ரெண்டு, பந்து மாதிரி ஒன்னு. ஏன்னா இந்த கன்சோலை வடிவமைச்சப்ப மனசுல இருந்தது ரெண்டு டாங்க் சண்டை போடறதும், ரெண்டு மட்டை பந்து அடிக்கறதும்தான். ஆர்கேடு மெஷின்ல பேக்-மேனுக்கும் நாலு பேய்க்கும் தனித்தனி ஸ்ப்ரைட், 3 மெகாஹெர்ட்ஸ் இசட்80 பிராசசர், 16 கிலோபைட் புரோகிராம். இங்க 1.19 மெகாஹெர்ட்ஸ், 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜ், அந்த 128 பைட் ரேம். ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஆடற வசதியும் குடுத்திருக்காங்க, அப்ப ஒருத்தர் ஆடும்போது இன்னொருத்தர் எந்தெந்தப் புள்ளியைத் தின்னு முடிச்சார்ங்கற கணக்கும் அந்த 128க்குள்ளயே உக்காந்திருக்கணும்.

அதனால ஒரு ஸ்ப்ரைட்டை பேக்-மேனுக்குக் குடுத்துட்டு இன்னொன்னை நாலு பேயும் பங்கு போட்டுக்கிச்சு. முதல் ஃப்ரேம்ல ஒரு பேய், அடுத்ததுல ரெண்டாவது, அப்புறம் மூனாவது, நாலாவது, திரும்ப முதல்ல இருந்து. நொடிக்கு சுமாரா 60 ஃப்ரேம்னா ஒவ்வொரு பேயும் நொடிக்கு 15 தடவைதான் தெரியும். பேய் மின்னி மின்னித் தெரியறது இதனாலதான். என்கிட்ட இருக்கறது என்டிஎஸ்சிங்கற டிவி முறைக்கான மாடல், பால் (PAL)ங்கற இன்னொரு டிவி முறைக்கான மாடல்னா 50 ஃப்ரேம், கணக்கு அதுக்கேத்த மாதிரி இன்னும் கொஞ்சம் குறையும்.

இப்ப எல்சிடி டிவி பக்கம் வாங்க. இந்தப் பழைய கன்சோல் குடுக்கற சிக்னலை டிவி வழக்கமான இன்டர்லேஸ் சிக்னல்னு நெனச்சுக்குது, அதாவது ரெண்டு ஃபீல்டு சேர்ந்தாத்தான் ஒரு முழுப் படம்னு. சில டிவி ரெண்டையும் பின்னிக் காட்டும், அப்ப பேய் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாத் தெரியும். என் டிவி ரெண்டுல ஒன்னைத் தூக்கிப் போட்டுட்டு ஒன்னை மட்டும் காட்டுது. ஒன்னு விட்டு ஒன்னு தூக்கிப் போட்டா என்ன ஆகும்? 1, 2, 3, 4, 1, 2, 3, 4ல 1, 3, 1, 3தான் மிஞ்சும். ரெண்டாவது பேயும் நாலாவது பேயும் கேமுக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கு, என்னைக் கொல்லவும் செய்யுது, ஆனா டிவி அதைக் காட்டவே காட்டாது. எப்பவாவது டிவியோட கணக்கு ஒரு ஃப்ரேம் நழுவிச்சுன்னா 2, 4ன்னு மாறிக்கும், தம்பி பாத்தது அதைத்தான்.

நெனச்சது சரிதானான்னு உறுதி பண்ண ஃபோன்ல ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தேன், நொடிக்கு 240 ஃப்ரேம். முதல்ல எல்சிடில எடுத்துட்டு ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்திப் பாத்தா ரெண்டு பேய் மாறி மாறி, வேற எதுவுமே இல்ல. அப்புறம் ஒரு பழைய ட்யூப் டிவியைத் தூக்கிட்டு வந்து அதே வயரை அதுல மாட்டி எடுத்தேன். வெளிச்சப் பட்டை மேல இருந்து கீழ இறங்குது, ஒரு பேய் வருது. திரும்ப இறங்குது, வேற இடத்துல இன்னொரு பேய். மூனாவது. நாலாவது. அஞ்சாவது தடவை பட்டை இறங்கும்போது முதல் பேய் பழைய இடத்துல, ஒரு நூல் நகர்ந்து நிக்குது. நாலும் இருக்கு! நானும் தம்பியும் அந்த வீடியோவை திரும்பத் திரும்பப் போட்டு விரல் விட்டு எண்ணினோம்.

ட்யூப் டிவி எதையும் யோசிக்காது, வர்ற ஃப்ரேமை வர்ற கணத்துலயே வரைஞ்சுடும், எதையும் சேர்த்துப் பாக்கறதும் இல்ல, தூக்கிப் போடறதும் இல்ல. அதுலயும் பேய் மின்னத்தான் செய்யும், அதை நான் மறைக்க விரும்பல, ஆனா நாலும் எப்பவும் எங்க இருக்குன்னு தெரியும். இன்னொரு வித்தியாசம் ஜாய்ஸ்டிக்ல தெரிஞ்சுது. எல்சிடில நான் திருப்பினதுக்கும் அது திரும்பறதுக்கும் நடுவுல ஒரு சின்ன இழுப்பு இருந்திருக்கு, ட்யூப்ல ஆடினப்புறம்தான் அப்படி ஒன்னு இருந்துச்சுன்னே புரிஞ்சுது. எல்சிடி டிவி மட்டும்தான் இருக்குன்னா கேம் மோடு இருக்கான்னு பாருங்க, சில டிவில அது இந்தப் பின்னல் வேலையை எல்லாம் நிறுத்திடும், என் டிவில ட்யூனர் இன்புட்டுக்கு அந்த வசதி இல்ல. இதே காரணத்தாலதான் இந்த கேமை 30 ஃப்ரேம்ல ரெக்கார்டு பண்ணி போடற வீடியோவை நம்பி எதையும் முடிவு பண்ணக்கூடாது, அதுலயும் பாதி பேய் காணாமப் போயிருக்கும். ட்யூப் டிவியோட பின் மூடியை மட்டும் தெரியாத யாரும் திறக்காதீங்க, பிளக்கைப் புடுங்கினதுக்கு அப்புறமும் உள்ள ஆளைத் தூக்கி எறியற அளவு வோல்டேஜ் நிக்கும்.

இப்ப விளையாட்டு. ட்யூப் டிவி, ரிப்பேர் பண்ண ஜாய்ஸ்டிக், ரெண்டும் வெச்சு ஒரு வாரம் தினமும் ராத்திரி ஆடினேன்.

ஆர்கேடுல பழகின கை முதல்ல தடுமாறும். அங்க சுரங்கப் பாதை இடது வலது பக்கம் இருக்கும், இங்க மேலயும் கீழயும். ஆர்கேடு ஸ்க்ரீன் உயரமா நிக்கும், வீட்டு டிவி அகலமா படுத்திருக்கும், அதனால சந்தோட அமைப்பே வேற, ஆர்கேடுல மனப்பாடம் பண்ணி வெச்ச பாதை ஒன்னுகூட இங்க உதவாது. புள்ளிகள் புள்ளியா இல்லாம சின்னக் கோடு மாதிரி இருக்கும். அது ஏன்னா புள்ளியை வரையறது ஸ்ப்ரைட் இல்ல, சுவரை வரையற அதே பின்னணிதான், அந்தப் பின்னணில திரையோட அகலம் பூரா நாப்பதே கட்டம், அதுக்கு மேல மெல்லிசா வரைய முடியாது. கையேட்டுல இதுக்குப் பேரே பிஸ்கட் மாதிரி வேஃபர்னு வெச்சிருக்காங்க, ஆர்கேடுல நடுவுல வந்து போற போனஸ் பழத்துக்குப் பதிலா இங்க விட்டமின். பேக்-மேன் மேல போனாலும் கீழ போனாலும் முகம் பக்கவாட்டுலயே பாக்கும், எனக்கு இது மட்டும் கடைசி வரைக்கும் பழகவே இல்ல.

மார்க்கை உக்காந்து கணக்குப் போட்டப்பதான் இந்த கேமுக்குன்னு தனியா ஒரு புத்தி இருக்கறது புரிஞ்சுது. ஆர்கேடுல புள்ளி 10, பெரிய மாத்திரை (இதைத் தின்னா கொஞ்ச நேரத்துக்கு நாம பேயைத் தின்னலாம்) 50, பேய் 200, 400, 800, 1600. இங்க எல்லாத்தையும் பத்தால வகுத்திருக்காங்க, வேஃபர் 1, மாத்திரை 5, பேய் 20, 40, 80, 160. சரி, அதே விகிதம்தானேன்னு பாத்தா விட்டமின் மட்டும் 100. ஆர்கேடுல முதல் ரவுண்டு செர்ரிக்கும் 100தான், ஆனா அங்க 100ங்கறது பத்துப் புள்ளிக்குச் சமம், இங்க நூறு வேஃபருக்குச் சமம்! ஆர்கேடுல நான் செர்ரியைப் பத்தி கவலையே பட மாட்டேன், வழில இருந்தா எடுப்பேன். இங்க அதே பழக்கத்துல விட்டமினை விட்டுட்டு ஓடினா பாதி மார்க் போயிடும். இதைப் புரிஞ்சுக்கிட்டப்புறம் என் ஆட்டமே மாறிச்சு, எங்க சுத்தினாலும் நடுப்பகுதிக்கு உடனே திரும்பி வர்ற மாதிரி ஒரு வழியை கையில வெச்சுக்கிட்டே ஆட ஆரம்பிச்சேன்.

நாலு பேயையும் ஒரே மாத்திரைல தின்னா 300, அதுக்கு மாத்திரை பக்கத்துலயே நின்னு பேய் எல்லாம் நெருங்கி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். இதுக்கு நாலு பேயும் எங்க இருக்குன்னு தெரியணும், எல்சிடில இது நடக்கவே நடக்காது. பேய் மின்னறதுக்குக் கண்ணு பழக ஒரு வழி கண்டுபிடிச்சேன், பேயைப் பாக்காம காலி சந்தைப் பாக்கறது. பேயையே முறைச்சுப் பாத்தா கண்ணு வலிக்கும், எங்க பேய் இல்லையோ அங்க பாத்தா ஓரக்கண்ணுல நாலும் தெரியும்.

திருப்பத்துக்கு முன்னாடியே குச்சியை அந்தத் திசைக்குச் சாய்ச்சுப் பிடிச்சுடணும், அதுவும் நேரா. இந்த ஜாய்ஸ்டிக் கோணல் திசையையும் ஏத்துக்கும், ரெண்டு தகடும் ஒன்னா அமுங்கும், கை லேசா கோணலாச்சுன்னா திருப்பத்துல தயக்கம் வருது. ஆர்கேடு ஜாய்ஸ்டிக் நாலு திசை மட்டும்தான் போகும், அந்த சுகம் இங்க இல்ல. நான் குச்சியை முஷ்டியால பிடிக்கறதை விட்டுட்டு நுனியை மூனு விரலால பிடிக்க ஆரம்பிச்சதும் பாதி தப்பு குறைஞ்சுது.

ஒப்பிட்டுப் பாக்க மிஸ். பேக்-மேன் கார்ட்ரிட்ஜ் ஒன்னும் வாங்கி ஆடினேன், இதே கன்சோலுக்கு 1983ல வந்தது, ஆர்கேடுல மிஸ். பேக்-மேனை உருவாக்கின ஜெனரல் கம்ப்யூட்டர் ஆளுங்களே செஞ்சது. அது 8 கிலோபைட், ரெட்டிப்பு. பேய் ரெண்டும் வேற வேற உயரத்துல இருந்தா அதே ஸ்ப்ரைட்டை கீழ கொண்டு போய் திரும்ப வரையற தந்திரம் அதுல இருக்கு, ஒரே வரிசைல நெருக்கியடிச்சாத்தான் மின்னும். நாலு விதமான சந்து அமைப்பும் இருக்கு. நல்ல கேம் எதுன்னா சந்தேகமே இல்லாம அதுதான், அதை எல்சிடிலகூட ஓரளவு ஆடலாம். ஆனா டாட் ஃப்ரைக்கு அந்த ரெட்டிப்பு இடம் கிடைக்கல. 4 கிலோபைட்டுல, ஒரே ஒரு ஸ்ப்ரைட்டை நாலு பேய்க்குப் பங்கு போட்டு, ரெண்டு பேர் ஆடற வசதியோட ஒரு முழு கேமை முடிச்ச மனுஷனை எனக்கு ரொம்ப மதிப்பா இருக்கு. கலர் விஷயத்துலயும் சத்தத்துலயும் எனக்கு மனக்குறை உண்டு, கருப்புப் பின்னணி வெச்சிருக்கலாம், புள்ளி தின்னற சத்தம் தகரத்துல தட்டற மாதிரி இருக்கு, அது இன்னும் அப்படியேதான் இருக்கு. காணாமப் போன ரெண்டு பேய் மட்டும் அவர் பண்ண தப்பு இல்ல.

நேத்து ராத்திரி ஒரே மாத்திரைல நாலையும் தின்னேன், முதல் தடவையா. மேல் இடது மூலை, மூனு பேய் பின்னாடி வரிசையா, ஒன்னு எதிர்ல, மாத்திரையைத் தொட்டதும் 20, 40, 80, கடைசிப் பேய் நிறம் மாறறதுக்கு ஒரு கணம் முன்னாடி 160. தம்பி பக்கத்துல உக்காந்து எண்ணிட்டே இருந்தான். இப்ப அவனுக்கும் ஆடணுமாம், ரெண்டாவது ஜாய்ஸ்டிக் ஒன்னு வந்திருக்கு, அதுல இடது கேக்கல, 8க்கும் 3க்கும் மீட்டரை வெச்சுப் பாத்தேன், வயரை ஆட்டினா சத்தம் விட்டுப் போகுது. இது வயர் கோளாறு. நாளைக்குப் பிரிக்கணும்.